பெரட்டுக்கு வராத தொழிலாளர்கள்



விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். வந்தவருக்குப் பேர் விழும். வராதவருக்கு அன்றையச் சம்பளம் இல்லை. இது நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கணக்கு. ஆனால் எந்தப் பெரட்டுக்கும் வராமல், எந்தக் கிராணியின் செக்ரோலிலும் பெயர் இல்லாமல், இரவு பகல் பாராமல் அதே காட்டில் வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். கண்ணுக்குத்தான் தெரியமாட்டார்கள். அவர்கள்தாம் மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள்.

கிருமி என்றாலே நமக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான் நினைவுக்கு வரும். கெட்ட கிருமி உண்டு; மறுக்கவில்லை. ஆனால் நல்ல கிருமியும் உண்டு. செடியை வளர்த்து, மண்ணைக் காப்பாற்றி, நம் வேலைப் பளுவைக்கூடக் குறைக்கிற கிருமி அது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். ‘இதெல்லாம் துரைமார் தெரிஞ்சுக்க வேண்டிய விசயம், நமக்கெதுக்கு?’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதைத் தெரியாமல் இருந்ததால் நம்மவர் சிலர் பட்ட பாட்டை முதலில் கேளுங்கள்.

வேரில் கொப்புளம்

நாம் அறிந்த ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். மறுநடவுக்காக மலைச்சரிவைப் புல்டோசரால் வழித்துப் படிக்கட்டாக்கியிருந்தார்கள். கன்று நடும் முன்பு கவர் கிராப் கொடி விதை போடும் வேலை. எட்டு, பத்துப் பெண்கள் போட்டார்கள். விதை முளைத்தது. ஆனால் மேட்டுப் பகுதியில் மட்டும் கொடி மஞ்சள் பூத்துப் போய்ப் படராமலேயே நின்றது. இரண்டு மாதத்தில் லாலாங் புல் தலைகாட்டியது.

பழி யார் தலையில் விழும்? ‘ஒழுங்கா விதை போடல, கலவையைக் கொட்டிட்டு வந்துட்டீங்க’ என்று பெண்களைத்தான் ஏசினார்கள். திரும்பவும் போய் விதை போட்டார்கள். ஏச்சு வாங்கியதற்குக் கணக்கு ஏது?

அந்தக் கும்பலில் இருந்த ஒரு வயதான அம்மா நம்மைப் பள்ளத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கொடி பச்சைப்பசேல் என்று முழங்கால் அளவு படர்ந்திருந்தது. ஒரு கொடியைப் பிடுங்கிக் காட்டினார்.

“இங்க பாருங்க தம்பி. இதுதான் நல்லா வளந்திருக்கு. ஆனா வேரு பூரா கொப்புளம். மேட்டுல இருக்கிறது நோஞ்சானா இருக்கு, வேரு மட்டும் சுத்தமா இருக்கு. இது என்ன கூத்து?”

கூத்தல்ல அம்மா, அதுதான் உண்மையான விளக்கம் என்றோம். ஒரு கொப்புளத்தைக் கிள்ளி நகத்தால் பிளந்தோம். உள்ளே இளஞ்சிவப்பு நிறம்.

“ஐயோ, ரத்தம் மாதிரி இருக்கே!”

அவர் சொன்னது சும்மா இல்லை. நம் ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது ஹீமோகுளோபின். அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பது அதன் உறவுக்காரப் பொருள். லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். செடிக்குள் ரத்தத்தின் சொந்தக்காரன்! அது அங்கே ஏன் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மேட்டுக் கொடி ஏன் வாடியது என்பதும் தெரிந்துவிடும்.

காற்றில் இருக்கிறது, கைக்கு எட்டவில்லை

செடிக்கு முதல் சாப்பாடு தழைச்சத்து. படித்தவர்கள் நைட்ரஜன் என்பார்கள். நாம் சுவாசிக்கிற காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இந்த நைட்ரஜன்தான். ஆனால் ஒரு செம்பனையாலும், ஒரு ரப்பர் மரத்தாலும் காற்றிலிருந்து அதை நேராக எடுத்துச் சாப்பிட முடியாது. ஊரைச் சுற்றிக் கடல் இருந்தும் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லாதவன் கதைதான்.

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடி தின்னும்படி மாற்றுகிற வித்தை சில பாக்டீரியாக்களுக்குத் தெரியும். பயறு, அவரை இனத்துச் செடிகளின் வேருக்குள் புகுந்து குடியிருக்கும் வகைக்கு ரைசோபியம் என்று பெயர். செடி அதற்கு வேரில் ஒரு முடிச்சைக் கட்டிக் கொடுக்கிறது. அதுதான் அந்த அம்மா பார்த்த கொப்புளம். வேர்முடிச்சு என்பார்கள். இலை வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி கொடுக்கும். பாக்டீரியா பதிலுக்குத் தழைச்சத்தைக் கொடுக்கும். குடியிருக்க இடமும் சாப்பாடும் செடியுடையது, வேலை பாக்டீரியாவுடையது. இந்த ஒப்பந்தத்தில் ஒருவரை ஒருவர் ஏய்ப்பதில்லை.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. பிராணவாயு அதிகமாகப் பட்டால் நைட்ரஜனைப் பிடிக்கும் கருவி கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா உயிர் வாழவும் பிராணவாயு வேண்டும். அந்தச் சிவப்புப் பொருள்தான் நடுவில் நின்று, தேவைக்கு மட்டும் அளந்து கொடுக்கிறது. ஆகவே முடிச்சைப் பிளந்து பார்த்துச் சிவப்பாக இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ வெளுத்தோ இருந்தால் வேலை நடக்கவில்லை. நகம் ஒன்றே போதும் இந்தச் சோதனைக்கு.

பயறு போட்ட நிலத்தில் அடுத்த பயிர் நன்றாக வரும் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே தெரியும். காரணம்தான் தெரியவில்லை. 1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர், வேர்முடிச்சுதான் காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்க வழி செய்கிறது என்று நிரூபித்தார்கள். 1888-ல் ஹாலந்து நாட்டு பெய்யரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

மண்வெட்டியின் பாவம்

நம் தோட்டங்களுக்கும் இதற்கும் உள்ள உறவு பழையது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது சட்டம் மாதிரி. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் மாதா மாதம் மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டித் தரையை முற்றமாக வைத்திருந்தார்கள். துரைக்குப் பார்க்க அழகாக இருந்தது. மழைக்கு அது வசதியாகப் போய்விட்டது! மூடியில்லாத தரையில் மலைநாட்டு மழை விழுந்து மேல்மண்ணை வழித்து ஆற்றில் சேர்த்தது. கூலி கொடுத்து மண்ணை ஓட்டிவிட்ட கதையாக முடிந்தது.

பிறகுதான் தரையை மூட வேண்டும் என்ற புத்தி வந்தது. மூடுவதற்கு எடுத்துக்கொண்டது பயறு இனத்துக் கொடிகள். பியூரேரியா, சென்ட்ரோசீமா, கேலோபோகோனியம் என்று வாயில் நுழையாத பெயர்கள். நம் ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் ‘கவர் கிராப்’ என்று ஒரே பெயரில் முடித்துவிட்டார்கள். பியூரேரியா இந்த வட்டாரத்துக் கொடி. மற்ற இரண்டும், நம் ரப்பர் மரத்தைப் போலவே, அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை. 1925-ல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்தக் கொடிகளையும் அவற்றுக்கேற்ற பாக்டீரியாக்களையும் ஆராய்ந்து, கலவைத் தூளாகத் தோட்டங்களுக்குக் கொடுத்தும் வந்தது. 1998 முதல் அந்தக் கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தில் சேர்ந்துவிட்டது.

இன்று செம்பனைக் காடுகளில் அகன்ற இலையோடு மெத்தை மாதிரி படர்ந்து கிடக்கிறதே, முக்குனா பிராக்டியாட்டா, அது 1991-ல் கேரளத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து இங்கு வந்தது. நமக்குத் தெரிந்த பூனைக்காலியின் இனத்தைச் சேர்ந்தது. இந்நாட்டுத் தாழ்நிலத்தில் அது விதை பிடிப்பது அபூர்வம்.

கொடி தரும் கணக்கு

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அகமுத்து, பிராட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இளம் செம்பனையின் அடியில் வளரும் இந்தக் கொடிகளை அளந்து பார்த்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரி ஒரு ஹெக்டருக்கு 150 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து கொடி பிடித்துத் தருகிறது.

150 கிலோ என்றால் எவ்வளவு? நம் தோளில் ஏறும் கணக்கிலேயே சொல்லுவோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். ஆகவே 150 கிலோ நைட்ரஜன், 326 கிலோ யூரியாவுக்குச் சமம். 50 கிலோ மூட்டையில் ஆறரை மூட்டை. அமோனியம் சல்பேட் உரத்தில் நூற்றுக்கு 21 பங்குதான். அந்த உரமானால் பதினான்கு மூட்டைக்கு மேல். ஒவ்வொரு ஹெக்டருக்கும் ஒவ்வொரு ஆண்டும் இத்தனை மூட்டையை யாரும் தூக்காமல், யாரும் வீசாமல் மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது இந்தக் கூட்டம்.

அத்தனையும் அப்படியே மரத்துக்குப் போய்விடாது. முதலில் கொடி தனக்கு எடுத்துக்கொள்ளும். இலை உதிர்ந்து, வேர் மக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மண்ணில் சேரும். மரம் வளர்ந்து நிழல் கட்டியதும் பழைய வகைக் கொடிகள் தாமாகவே மடியும். அப்போது சேமித்து வைத்த சத்தெல்லாம் மரத்துக்கு வரும். பிள்ளைக்குச் சேர்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிற தாய் மாதிரி! நல்ல கொடியில் வளர்ந்த ரப்பர் மரம், வெறும் புல்லில் வளர்ந்ததைவிடச் சீக்கிரம் பருத்துப் பால்வெட்டுக்கு வரும் என்பது பல தோட்டங்களில் கண்ட உண்மை.

மனிதனும் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறான். சரவாக், பிந்துலுவில் 1985-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆசியான் உரத் தொழிற்சாலை செய்வதும் அதுதான். ஆனால் அதற்கு இயற்கை எரிவாயு வேண்டும்; 400 டிகிரிக்கு மேல் சூடும் பயங்கரமான அழுத்தமும் வேண்டும். எரிவாயு விலை ஏறினால் உரம் விலை ஏறும். 2021, 2022-ல் உர விலை ஏறிய ஏற்றத்தை நாம் மறக்கவில்லை. அதே வேலையை, சூடு இல்லாமல் சத்தம் இல்லாமல், வேருக்குள் உட்கார்ந்து செய்கிறது ஒரு கிருமி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இதுதான்.

இன்னொரு லாபம் நம்முடையது. கொடி அடர்ந்த இடத்தில் புல் குறையும். புல் குறைந்தால் மருந்தடிப்பது குறையும். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்த நம் பெண்கள் பட்ட வேதனை கொஞ்சமா? பாராகுவாட் என்ற கொடிய மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை. ஆனால் மற்ற மருந்துகள் இருக்கின்றன. அடிக்காத மருந்துதான் ஆபத்தில்லாத மருந்து.

மேட்டுக் கொடி ஏன் வாடியது?

இப்போது அந்தப் பெண்களின் வழக்குக்கு வருவோம்.

பள்ளத்தில் பழைய மேல்மண் இருந்தது. பழைய கொடிகளோடு வாழ்ந்த பாக்டீரியா அதிலேயே கிடந்து, புதுக்கொடியின் வேரைத் தானாகப் பிடித்துக்கொண்டது. மேட்டில் மேல்மண்ணை வழித்துவிட்டார்கள். அங்கே பாக்டீரியாவும் குறைவு, மற்றச் சத்தும் குறைவு. அத்தகைய இடத்துக்குத்தான் கலவைத் தூள் மிக அவசியம்.

தூள் எங்கே இருந்தது என்று விசாரித்தோம். தகரக் கூரை போட்ட உர ஸ்டோரில், வாரக் கணக்கில்! நடுப்பகலில் உள்ளே மனிதன் நிற்க முடியாத வெக்கை. தூள் என்பது வெறும் பொடி அல்ல, உயிர். உயிரை வேகவைத்துவிட்டு விதையோடு கலந்தால் என்ன முளைக்கும்? பெண்கள் விதைத்தது சரிதான். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது செத்த சரக்கு.

ஆகவே இந்த வேலைக்குப் போகிறவர்கள் சில விசயங்களை மனத்தில் வையுங்கள்:

தூள் குளிர்ந்த, நிழலான இடத்தில் இருந்திருக்க வேண்டும். பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்கும். பார்க்கச் சொல்லுங்கள், அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பியூரேரியா போன்ற விதைக்குத் தோல் கெட்டி. ஆகவே சுடுநீரில் ஊறப்போடுவது வழக்கம். நன்றாக ஆறிய பிறகுதான் தூளைக் கலக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் பாக்டீரியா செத்துவிடும்.

கலந்த விதையை வெயிலில் காயவைக்காதீர்கள். கலந்த அன்றைக்கே போட்டு மண்ணை மூடிவிடுங்கள். காலை வேளையோ மழை ஈரமோ இருந்தால் நல்லது.

பூஞ்சண மருந்து தடவிய விதையோடும், யூரியா, சூப்பர் பாஸ்பேட் போன்ற காரமான உரத்தோடும் தூளைச் சேர்க்கக்கூடாது. பாறை பாஸ்பேட் உரம் கலப்பதில் கெடுதலில்லை. நம் புளித்த மண்ணில் கொடிக்கு அது மிகவும் வேண்டியது.

ஆறு வாரம் கழித்து நான்கைந்து கொடியைப் பக்குவமாகத் தோண்டிப் பாருங்கள். முடிச்சு இருக்கிறதா, உள்ளே சிவப்பா? இல்லையென்றால் லாலாங் ஏறுமுன்பே மண்டோரிடம் சொல்லிவிடுங்கள். முதலில் சொன்னவன் மேல் பழி விழாது.

வீட்டுக்குப் பின்னால் நாலு முழம்

தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானிலும் அடுக்குமாடியிலும் குடியேறிய நம் மக்கள் பலர். லயத்து வீட்டில் இருந்தபோது பின்னால் இருந்த கீரைப் பாத்தியை இன்னும் நினைத்துக்கொள்கிறார்கள். நாலு முழ மண் இருந்தாலும், ஏன், ஒரு பழைய தோம்பு இருந்தாலும் போதும். இந்தக் கூட்டத்தை அங்கேயும் வேலைக்கு வைக்கலாம். பயற்றங்காய், நிலக்கடலை, கச்சாங் போத்தோல் என்கிற சிறகவரை, அகத்தி எல்லாவற்றிலும் வேர்முடிச்சு உண்டு. முருங்கையில் கிடையாது; அது பயறு இனம் அல்ல. குழந்தைகளுக்குக் காட்ட ஆசையா? திடல் ஓரத்தில் முளைக்கும் தொட்டாற்சிணுங்கியைத் தோண்டிக் காட்டுங்கள். அதன் வேரிலும் முடிச்சு இருக்கும்.

பயற்றங்காய்க்கு யூரியாவைக் கொட்டாதீர்கள். சாப்பாடு சும்மா கிடைத்தால் செடி பாக்டீரியாவுக்கு வீடு கட்டாது; முடிச்சே வராது. காய்ப்பு முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி எறியாமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணில் விட்டு, தழையை அங்கேயே போடுங்கள். சத்தில் பெரும்பங்கு காயோடு போய்விடும். மிச்சமாவது மண்ணுக்குச் சேரட்டும். அடுத்து அந்த இடத்திலேயே கீரையோ கத்தரியோ வையுங்கள். சருகைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தையும் விடுங்கள். புகையாகப் போவது நம் செடியின் தழைச்சத்து.

ஓர் எச்சரிக்கை. வேரில் வீக்கம் இருப்பதெல்லாம் நல்லதல்ல. நூற்புழு தாக்கினாலும் வேர் வீங்கும். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் மணியாக ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் கழன்று வரும், உள்ளே சிவப்பு. நூற்புழு வீக்கத்தில் வேரே தடித்து முறுக்கிக்கொண்டிருக்கும், கழன்று வராது. கத்தரி, தக்காளி, வெண்டை வேரில் வீக்கம் கண்டால் அது நூற்புழுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

புல்லினப் பயிர்களுக்கும் துணை நிற்கும் பாக்டீரியா உண்டு. அசோஸ்பிரில்லம் என்பது முடிச்சு கட்டாது. வேரோரம் வாழ்ந்து, வேர் நன்றாக ஓடும்படி தூண்டிவிடும். இதை ஆராய்ந்து புகழ்பெற்றவர் பிரேசில் நாட்டில் உழைத்த யோஹன்னா டோபரைனர் என்ற பெண்மணி. 2000-ல் காலமானார். பிரேசிலின் சோயாப் பயிர் பெரும்பாலும் நைட்ரஜன் உரமில்லாமல் பாக்டீரியாவை நம்பி விளைவதற்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம். நம்மைப் பிழைக்க வைத்த ரப்பர் மரமும் அந்த நாட்டிலிருந்து வந்ததுதானே!

கடைகளில் இப்போது ‘உயிர் உரம்’ என்று பல போத்தல்கள் விற்கின்றன. என்ன பாக்டீரியா, எந்தப் பயிருக்கு, எப்போது தயாரித்தது என்ற மூன்றும் எழுதியில்லாத போத்தலுக்கு உங்கள் வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

மண்ணில் கை வைக்கும்போது

நல்லதைச் சொன்ன நாம் கெட்டதையும் சொல்லவேண்டும். இந்நாட்டு மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற கொடிய நோயைத் தரும் பாக்டீரியா உண்டு. காலில் உள்ள வெடிப்பு, கையில் உள்ள கீறல் வழியாக உள்ளே போகும். இனிப்பு நீர் உள்ளவர்களை அது சீக்கிரம் பிடிக்கும். நம் மக்களில் இனிப்பு நீர் இல்லாத குடும்பம் எத்தனை? ஆகவே வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். பூட்ஸ் போடுங்கள், கையுறை போடுங்கள், புண்ணை மூடிக் கட்டுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மழைக்காலத்தில் விடாத காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம், ‘நான் மண்ணில் வேலை செய்கிறவன், எனக்கு இனிப்பு நீர் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றலாம்.

அந்த அம்மாவை மறுபடி பார்த்தோம். புதுத்தூள் வந்து, மேட்டில் மீண்டும் விதை போட்டு, கொடி ஏறிவிட்டதாம். “இப்பல்லாம் பாக்கெட்டைப் பாக்காம விதையத் தொடறதில்லீங்க. மண்டோரே எங்ககிட்ட, ‘வேரைப் பாத்தியா, செவப்பா இருக்கா’ன்னு கேக்கிறாரு” என்று சிரித்தார். ஏசியவர்கள் வந்து மன்னிப்புக் கேட்டார்களா என்று கேட்டோம். சிரிப்பு நின்றது. “அதெல்லாம் நடக்கிற காரியமா தம்பி?” என்றார்.

நடக்க வேண்டிய காரியம்தான். அதுவரை நமக்குத் துணை நம் கண்ணும் நம் நகமும். தோழர்களே, உங்கள் தோட்டத்துக் கொடியை இந்த வாரம் ஒருமுறை தோண்டிப் பாருங்கள். வேரில் என்ன கண்டீர்கள் என்று இப்பகுதிக்கு எழுதியனுப்புங்கள்.